சம்பளப் பட்டியலின் கடைசி வரி

(பல்கலைக்கழக நிர்வாக அலுவலர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதிவாளர்கள், நிதி அலுவலர்கள், பிரிவு அலுவலர்கள், கண்காணிப்பாளர்கள், உதவியாளர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். மென்பொருள் நிறுவனங்களிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். இந்த இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது நம் ஊரில் அபூர்வம். அந்த வாய்ப்பு கிடைத்திருப்பதால், பொதுவாகப் பேசாமல் விஷயத்துக்கு நேராகவே வந்துவிடுகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய மனிதவள மென்பொருளைக் கொண்டுவரும்போது, சம்பளப் பட்டியலின் கடைசி வரியில் இருப்பவரிடமிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கடைசி வரி என்றால் தொகுப்பூதியக்காரர், பதினொரு மாத நியமனத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர், ஆய்வுத் திட்டத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை பார்க்கும் உதவியாளர், தினக்கூலியில் விடுதிச் சமையல் பார்க்கும் அம்மா. நடைமுறையில் எல்லா இடத்திலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. நிரந்தரப் பணியிடத்தில் இருக்கும் பேராசிரியரின் சம்பளத்தைப் போட்டுக் காட்டி, பைசா பிசகாமல் வருகிறது என்று எல்லோரும் கை தட்டிவிட்டு, மற்றவர்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பேராசிரியரின் சம்பளம் மாதா மாதம் ஒரே மாதிரி இருப்பது. அதைச் சரியாகப் போடுவதற்குப் பெரிய மென்பொருளே தேவையில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் கலிபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா என்று பத்து வளாகங்கள். மருத்துவமனைகளையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். அங்கே 1980களில் எழுதப்பட்ட சம்பள மென்பொருள் ஒன்றுதான் முப்பது ஆண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கோபோல் நிரல்மொழியில் எழுதியது. ஒவ்வொரு வளாகமும் தன் தேவைக்கு ஏற்ப அதை மாற்றி மாற்றி, கடைசியில் ஒரே மென்பொருள் பதினோரு வடிவங்களாகப் பிரிந்து நின்றது. எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம் என்று 2011-ல் தொடங்கியதுதான் யூ.சி.பாத் திட்டம். ஆரக்கிள் நிறுவனத்தின் பீப்பிள்சாஃப்ட் மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். ரிவர்சைடில் ஒரு பொதுச் சேவை மையம் அமைத்து, வளாகங்களில் நடந்த வேலையின் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோனார்கள்.

2015-ன் இறுதியில் பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகத்தில் மட்டும் அது ஓடத் தொடங்கியது. 2018-ன் தொடக்கத்தில் மெர்செட், ரிவர்சைடு வளாகங்கள் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸும் சாண்டா பார்பராவும் மாறின. எல்லா வளாகங்களும் மாறி முடிக்க 2020 ஆகிவிட்டது. 2017-ல் மாநிலத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்தபோது, மொத்தச் செலவு முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மிச்சமாகும் என்று சொன்ன பணமும் மிச்சமாகாது என்று தெரிந்தது.

செலவு பெருகிய கதை எந்த நாட்டிலும் எந்தத் துறையிலும் கேட்கக்கூடியதுதான், அதனால் அதை அதோடு விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது 2018 இலையுதிர் காலத்தில் நடந்தது. புதிய மென்பொருளுக்கு மாறிய வளாகங்களில் சம்பளம் வராமலும் குறைவாகவும் தாமதமாகவும் வந்து தவித்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் ஆய்வு மாணவர்கள், அதாவது வகுப்புகளில் உதவிக் கற்பித்தல் வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய தொழிற்சங்கம் இதை முறையான புகாராகவே எடுத்துச் சென்றது. வாடகை எவ்வளவு கொடுமையானது என்று உலகமே அறிந்த ஊர்கள் அவை. ஒரு மாதச் சம்பளம் தள்ளிப் போனாலே அந்த மாணவருக்கு வீட்டுக்காரரிடம் சொல்லப் பதில் இருக்காது.

ஏன் முக்கியமாக அவர்களுக்கு அப்படி நடந்தது? அவர்களுடைய வேலையின் அமைப்பைப் பார்த்தாலே புரிந்துவிடும். அங்கே செப்டம்பர் கடைசியில் பருவம் தொடங்கும். அந்தச் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான குறுகிய கால நியமனங்கள் ஒரே நேரத்தில் போடப்படும். ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கு மட்டும். பாதி நேரம், கால் நேரம் என்று விதவிதமான அளவு. ஒரே மாணவர் ஒரு துறையில் கற்பித்தலும் இன்னொரு துறையில் ஆய்வும் பார்ப்பார்; இரண்டுக்கும் பணம் வருவது இரண்டு கணக்குகளிலிருந்து. கல்விக் கட்டணச் சலுகையும் அந்த நியமனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்டில் மிகக் கடினமான மாதத்தில், மிகச் சிக்கலான நியமனங்களை, அப்போதுதான் பழகத் தொடங்கிய ஒரு முறையில் போட வேண்டியிருந்தது. பேராசிரியர்களின் சம்பளத்தைச் சரியாகப் போடுகிற முறைகூட இந்தச் சோதனையில் தடுமாறும்.

நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் கோபோல் மென்பொருள் இல்லை. நம்மிடம் இருப்பது பணிப்பதிவேடு. எஸ்.ஆர். என்று சொன்னால்தான் பலருக்கும் சட்டென்று விளங்கும். அந்தப் புத்தகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருவர் சேர்ந்த அன்று திறக்கும் புத்தகம், அவர் ஓய்வு பெற்று ஓய்வூதியம் நிர்ணயமாகும் வரை கூடவே வரும். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளம், உயரம், விரல் ரேகை. அடுத்தடுத்த பக்கங்களில் ஒவ்வொரு நியமனம், ஊதிய உயர்வு, விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஒரு அலுவலரின் சான்றொப்பம். தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அந்தத் தாளிலேயே இருக்கும். இன்று மென்பொருள் விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் வசதிகளில் ஒன்றை நம் அலுவலகங்கள் மையும் தாளும் வைத்தே காலங்காலமாகச் செய்துவந்திருக்கின்றன.

அந்தப் பதிவேட்டில் 'மு.ப.' 'பி.ப.' என்று தேதிக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும், கவனித்திருப்பீர்கள். முற்பகலில் சேர்ந்தவருக்கு அன்றிலிருந்தே சம்பளம். பிற்பகலில் பொறுப்பேற்றவருக்கு மறுநாளிலிருந்து. ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்த ஒரு நாள் ஒரு காலாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விழுந்தால் ஊதிய உயர்வு நாள் மூன்று மாதம் தள்ளிப் போகலாம், இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது மாறலாம். நிறுவனங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களிடம் கேட்கிறேன்: உங்கள் மென்பொருளில் சேர்ந்த நாள் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எழுத்துக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால், பதிவேட்டில் இருந்த ஒரு உண்மை கணினிக்குள் வரும்போதே காணாமல் போய்விட்டது என்று பொருள்.

தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழக மனிதவளத்தின் சிக்கலில் பெரும்பங்கு தேதியில்தான் இருக்கிறது. ஒரு உதவிப் பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். முனைவர் பட்டத்தோடு 2016 ஜூலையில் 57,700 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் சேர்கிறார். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி நான்கு ஆண்டு முடிந்தால் அடுத்த நிலைக்குத் தகுதி. 2020 ஜூலையில் அவர் 64,900-ல் இருப்பார். அங்கிருந்து ஒரு ஊதிய உயர்வு கொடுத்து, அடுத்த நிலையில் அதற்கு மேலுள்ள கட்டத்துக்குக் கொண்டுபோனால் 68,900. இதுவரை எளிது.

ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் பணி மேம்பாட்டு மதிப்பீடு உரிய காலத்தில் நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணை 2024-ல் வருகிறது என்று வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் பழைய நிலையில் 66,800, 68,800, 70,900 என்று ஏறியிருப்பார். புதிய நிலையில் ஏறியிருக்க வேண்டியது 71,000, 73,100, 75,300. வித்தியாசம் முதல் ஆண்டு மாதம் 4,000, பிறகு 4,200, 4,300, 4,400. இதற்கு மேல் அகவிலைப்படி. தமிழ்நாட்டில் அது 2021 டிசம்பர் வரை 17 சதவீதத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில் 31, அதே ஆண்டு ஜூலையில் 34, 2023 ஜனவரியில் 38, ஏப்ரலில் 42, ஜூலையில் 46, 2024 ஜனவரியில் 50. ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தந்த மாதத்து விகிதத்தில் நிலுவை போட வேண்டும். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் என்றால் அந்த நிலுவைக்கும் பிடித்தம் உண்டு. வருமான வரியில் எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மத்திய அரசு 34 சதவீதத்தை 2022 ஜனவரியிலிருந்தே கொடுத்தது. இங்கே அது ஜூலையில்தான் வந்தது. 42 சதவீதம் அங்கே 2023 ஜனவரியிலிருந்து, இங்கே ஏப்ரலிலிருந்து. மத்திய அரசின் அட்டவணையோடு தயாராக வரும் மென்பொருளை அப்படியே வாங்கி ஓட்டினால், ஒவ்வொருவருக்கும் சில மாதங்களுக்குக் கூடுதலாகப் பணம் போகும். சில ஆண்டு கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கை வந்து தடை எழுப்பும். பிடித்தம் செய்யச் சொல்வார்கள். ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவருக்கு அது எத்தனை பெரிய அடி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒரு நல்ல மென்பொருள் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று தேதிகளைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்: அது அமலுக்கு வந்த நாள், ஆணை பிறப்பித்த நாள், கணினியில் ஏற்றிய நாள். மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் பின்தேதியிட்ட பதவி உயர்வை அதில் போடவே முடியாது. போட்டாலும், அன்றைய தேதியில் அவர் என்ன சம்பளம் வாங்கினார் என்ற வரலாறு அழிந்துபோகும். டெண்டர் ஆவணத்தில் நூறு பக்கம் எழுதுகிறோம். இந்த ஒன்றை எழுதியிருக்கிறோமா என்று பாருங்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். நம் ஊரில் ஒருவருக்கு இருப்பது அவருடைய பெயரும் அப்பாவின் தலைப்பெழுத்தும். வெளியில் செய்த மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பாமல் விடாது. ஒரு உதவியாளர் தலைப்பெழுத்தைக் கடைசிப் பெயராகப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் ஒன்று, நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் ஒன்று, பணிப்பதிவேட்டில் தமிழில் ஒன்று. சம்பளம் வங்கியிலிருந்து திரும்பி வந்தால், காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். தரவை ஏற்றுவதற்கு முன்பே எந்த ஆவணத்துப் பெயர் செல்லும் என்று பதிவாளர் ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டால் போதும். பிறந்த தேதிக்கு அதுகூடத் தேவையில்லை. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒழிய மாற்ற முடியாது என்று நம் விதி தெளிவாகவே சொல்கிறது. பதிவேட்டில் இருப்பதை அப்படியே ஏற்ற வேண்டும், ஆதாரைப் பார்த்து யாரும் திருத்தக் கூடாது.

இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேடு இன்னும் நுட்பமானது. 69 சதவீத ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று நமக்கு ஆறு வகை. மத்தியப் பட்டியலில் முதல் மூன்றும் ஒரே வகைக்குள் அடங்கிவிடும். தேர்வுப் பட்டியலில் மத்திய வகைப்பாடு மட்டும் இருக்கும் மென்பொருளில் தரவை ஏற்றினால், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு உரிய இடம் எது என்று அதற்குப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பல தலைமுறை போராடி வாங்கிய உரிமை ஒரு கட்டத்தில் ஒரு வரி இல்லாததால் மங்கிவிட நாம் விடக் கூடாது.

நம் பல்கலைக்கழகங்களின் வரலாறும் மென்பொருளுக்குள் வந்தாக வேண்டும். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பணியிடம் இருப்பது சிதம்பரத்தில். வேலை பார்ப்பது வேறொரு மாவட்டத்தில். விடுப்பு கொடுப்பவர் ஒருவர், பதவி உயர்வு கொடுக்க வேண்டியவர் இன்னொருவர். ஒருவருக்கு ஒரு அலுவலகம், ஒரு மேலதிகாரி, ஒரு சம்பளக் கணக்கு என்று கட்டிய மென்பொருளில் இவரை எங்கே வைப்பது? பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்டவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. பேராசிரியர் ஒருவரே விடுதிக் காப்பாளராகவும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும், மத்திய அரசின் ஆய்வுத் திட்டத்துக்கு முதன்மை ஆய்வாளராகவும் இருப்பார். ஒவ்வொரு பொறுப்புக்கும் படி, நிதி, முடிவு நாள் எல்லாம் வேறு. தொழிற்சாலைக்குச் செய்த மென்பொருளைக் கொண்டுவந்து பொருத்தும்போது முதலில் விரிசல் விடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். பதினொரு மாத நியமனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டு அதே ஆளுக்கு அதே துறையில் மறுபடி நியமன ஆணை கொடுக்கிறோம். மென்பொருளைப் பொறுத்தவரை அவர் பணியிலிருந்து விலகிவிட்டார். மறுபடி வரும்போது புதிய ஆள், புதிய ஊழியர் எண். எட்டு ஆண்டு பாடம் நடத்தியவருக்கு எட்டு எண்கள் இருக்கும், எட்டு ஆண்டுப் பணி அனுபவம் ஒரு இடத்திலும் இருக்காது. நாளைக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றிதழ் கேட்டு அவர்தான் ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்க வேண்டும். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண் என்று முடிவு செய்வதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகாது. முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது. விட்டுவிட்டால் பிறகு சரிசெய்யவே முடியாது.

ஆய்வு மாணவரும் இந்த வரியில்தான் இருக்கிறார். இளநிலை ஆய்வு நல்கை 37,000, இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை நல்கை 42,000. அது சம்பளம் அல்ல, அதனால் அவர் ஊழியர் பட்டியலில் இல்லை. மாணவர் பட்டியலில் இருக்கிறார், ஆனால் அங்கே வீட்டு வாடகைப்படிக்கு இடம் இல்லை. இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் விழுந்தவருடைய கோப்பு கையால்தான் நகரும். கையால் நகரும் கோப்பு எத்தனை மேசையில் எத்தனை நாள் தங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாத நல்கை சேர்ந்து வரும்போது அந்த ஐந்து மாதமும் அவர் யாரிடமாவது கடன் வாங்கித்தான் வாழ்ந்திருப்பார்.

விடுதிச் சமையல், துப்புரவு, காவல் பணியில் இருப்பவர்களில் பலரை ஒப்பந்ததாரர் மூலம் எடுக்கிறோம். அவர்கள் எங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லி மென்பொருளுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். நம் வளாகத்தில் வேலை பார்ப்பவரின் வருகையையும், அவருக்கு வைப்பு நிதியும் காப்பீடும் செலுத்தப்பட்டதா என்பதையும் நம் மென்பொருளில் பார்க்க முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பதில் என்ன தடை? முதன்மை வேலையளிப்பவர் என்ற பொறுப்பு சட்டப்படியே நமக்கு உண்டு. அந்தப் பொறுப்பை நிறைவேற்றக் கைக்கு எட்டும் கருவி ஒன்று வரும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது நியாயம் இல்லை.

மென்பொருள் வந்தால் ஆட்களைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்குக் கனடாவைச் சொல்ல வேண்டும். அது பல்கலைக்கழகம் அல்ல, கூட்டாட்சி அரசு. ஆனால் பாடம் ஒன்றுதான். பீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளை 2016 பிப்ரவரியில் ஓட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே துறைகளில் இருந்த சம்பள அலுவலர் பணியிடங்களில் ஆயிரத்துக்கும் மேல் குறைத்துவிட்டு, வேலையை மிராமிச்சி என்ற சிறு நகரில் ஒரே மையத்தில் குவித்தார்கள். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போனது. 2018-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் கொடுத்த அறிக்கை, ஒரு அரசாங்கம் தன்னையே எவ்வளவு கடுமையாக விசாரித்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சான்று. நம் தணிக்கையாளர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

அந்தச் சம்பள அலுவலர்களோடு போனது என்ன? விதிப்புத்தகத்தில் இல்லாத அறிவு. நம் பிரிவுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 'இந்த அம்மாவுக்கு மகப்பேறு விடுப்பு முடிவதும் தகுதிகாண் பருவம் முடிவதும் ஒரே மாதத்தில் வருகிறது, பார்த்துப் போடுங்கள்' என்று சொல்லத் தெரிந்த கண்காணிப்பாளர். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்ற நான்கு ஊதிய உயர்வு நாட்களில் யாருக்கு எது, ஏன் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறார் என்றால், மென்பொருள் திட்டத்தில் முதலில் பேச வேண்டிய ஆள் அவர்தான். அவரிடம் கேட்டு, விதிகளை எளிய தமிழில், ஒரு விதிக்கு ஒரு உதாரணத்தோடு எழுதி வாங்குங்கள். அந்தக் கையேடு இல்லாமல் எந்த நிறுவனமும் உங்களுக்குச் சரியான மென்பொருள் செய்து தர முடியாது. அந்தக் கையேடு இருந்தால், மென்பொருள் நிறுவனம் நடுவில் விட்டுப் போனாலும் நீங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

அதை எழுதத் தொடங்கும்போது சில சங்கடமான விஷயங்கள் வெளிவரும். ஒரே மாதிரியான இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிவெடுத்திருப்போம். ஒரு துறையில் கொடுத்த விடுப்பை இன்னொரு துறையில் மறுத்திருப்போம். எழுதாத வழக்கமாக இருந்த வரைக்கும் யார் கண்ணிலும் படாதது, விதியாக எழுதும்போது பளிச்சென்று தெரியும். என் பார்வையில், புதிய மென்பொருளால் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் உண்மையான பலன் இதுதான். மென்பொருளே வராமல் போனாலும் இந்த வேலையைச் செய்திருந்தால் லாபம்தான். ஆட்சிக்குழு அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு முரண்பாட்டிலும் இனி எது விதி என்று தீர்மானம் போட வேண்டும். அதை மென்பொருள் நிறுவனத்தின் இளைஞர்கள் தலையில் கட்டக் கூடாது. அவர்கள் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரலில் எழுதிவிடுவார்கள், அதுவே நாளை நம் விதியாகிவிடும்.

சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்துச் சம்பளம் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். எந்த மாதங்களில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தால் போதாது. நியமன ஆணைகள் குவியும் கல்வியாண்டின் முதல் மாதம், வருமான வரி கடைசியாகப் பிடிக்கும் பிப்ரவரி, அகவிலைப்படி நிலுவை சேர்ந்து வரும் ஒரு மாதம் ஆகிய மூன்றையும் தாண்டாத மென்பொருளுக்கு இறுதித் தவணையை விடுவிக்காதீர்கள். மாதிரிக்கு எடுக்கும் பெயர்களில் பாதியாவது தொகுப்பூதியம், தினக்கூலி, ஆய்வுத் திட்டம், அயற்பணி ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் ஊழியர் சங்கப் பிரதிநிதியை உட்கார வையுங்கள். சம்பளம் வாங்குபவரைவிடக் கூர்மையாக அந்தச் சீட்டைப் படிப்பவர் யாரும் இல்லை.

ஊழியரின் சாதிச் சான்று, மருத்துவ விடுப்புக் காரணம், வங்கி எண் எல்லாம் ஒரே இடத்தில் சேரப்போகின்றன. 2023-ல் வந்த எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்தும். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே வரையறுத்துவிடுங்கள். துறைத்தலைவருக்கு விடுப்பு நாட்கள் தெரிந்தால் போதும், நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. புதிய மென்பொருளில் முதல் சம்பளம் போடும் மாதத்துக்கு முன்பே, பதிவாளரும் நிதி அலுவலரும் சேர்ந்து ஒரு நிலையாணை பிறப்பிக்க வேண்டும். சம்பளம் வரவில்லை அல்லது குறைவாக வந்தது என்று ஒருவர் எழுத்துமூலம் சொன்னால், கடந்த மாதம் அவர் வாங்கிய நிகரத் தொகையில் பெரும்பகுதியை அன்றைக்கே முன்பணமாகக் கொடுக்க அந்த ஆணை இடம் தர வேண்டும். கோப்பு எழும்பி மேலே போய்த் திரும்பும் வரை அவரைக் காக்கவைக்கக் கூடாது. தொகுப்பூதியக்காரருக்கும் ஆய்வு மாணவருக்கும் அது பொருந்தும் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து கொடுப்பது, பிறகு எப்படிச் சரிக்கட்டுவது என்பதைத் தணிக்கைப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நிதி அலுவலர் விடுப்பில் இருந்தால் யார் கையெழுத்திடலாம், சம்பள நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்து சனிக்கிழமை புகார் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதே ஆணையில் சேர்த்துவிடுங்கள். அந்த அலைபேசி எண்ணை விடுதிச் சமையலறைச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள்.